எரித்தவன் கை எலும்பில் தெரியும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத்தன்மை பெரிதும் மாற்றப்படவில்லை.)



தொல்லியலும் அடித்தள மக்களும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதை முழுசா இழுத்துப் போர்த்திக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எரித்த பிணம். எரித்தபின் மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி, மண்கலயத்தில் போட்டு, குழி தோண்டி வைத்த பழைய மக்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள். மூவாயிரம் நாலாயிரம் வருஷம் கழித்து அந்தக் கலயத்தைத் திறக்கிறவர்களுக்கு அதில் என்ன தெரிகிறது? அதில் நமக்கு என்ன வேலை? இதுதான் பேச்சு.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தாழி என்றவுடனே உங்களுக்கு ஆதிச்சநல்லூரும் கொந்தகையும்தான் நினைவுக்கு வரும். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் எரிக்காத எலும்புகள். நம்ம நிலத்தில் எரிக்கிற பழக்கமும் இருந்தது, புதைக்கிற பழக்கமும் இருந்தது, தாழியில் கவிக்கிற பழக்கமும் இருந்தது. ஒரே சுடுகாட்டுக்குள் இப்படி ஐந்து விதமாகப் பிணத்தை அடக்கம் செய்ததை மணிமேகலை சொல்கிறது. ஆனால் எரித்த எலும்பைப் படிக்கிற கலை அதிகமாக வளர்ந்தது ஐரோப்பாவில். அங்கே கி.மு. 1300 வாக்கிலிருந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல், நடு ஐரோப்பா முழுக்க, ஊருக்கு ஊர் கலயக்காடுகளாகவே இருந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் கலயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மனுஷன். அதனால் இன்றைக்கு என் உதாரணங்கள் அங்கேயிருந்து வரும். நம்ம சேரிக்கு எப்படி வந்து சேருகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ரொம்ப காலம் இந்த எரிந்த எலும்பை யாரும் சீந்தவில்லை. ஏன் தெரியுமா? அதை வைத்து மண்டையோட்டை அளக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மானுடவியலாளனுக்கு வேண்டியது முழு மண்டை. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, இவன் எந்த இனம், உயர்ந்ததா தாழ்ந்ததா. நம்ம சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் உயிரோடு இருக்கிற ஆட்களையே நிற்க வைத்துச் சாதிவாரியாக மூக்கை அளந்தவர். அந்த மாதிரி மூக்களவைகளை வைத்துத்தான் ஆரியன் ஒரு இனம், தீண்டப்படாதவன் வேறொரு இனம் என்ற கதை கட்டப்பட்டது. 1948-இல் அண்ணல் அம்பேத்கர் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அதே அளவைகளை எடுத்துப் போட்டு, இதில் பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வேறுபாடு எங்கே இருக்கிறது, காட்டு என்று கேட்டார். அளந்தவர்களின் கோலாலேயே அடித்தார். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: எரித்த மண்டை துண்டு துண்டாக உடைந்து கிடக்கும், அதில் கோல் வைக்க இடமில்லை. அதனால் அது குப்பை.

நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்று உலகமே போய்ப் பார்க்கிற கல்வட்டம் இருக்கிறதே, அங்கே 1919-லிருந்து 1926 வரை வில்லியம் ஹாலி என்பவர் தோண்டினார். பத்து அல்ல, ஐம்பதுக்கு மேல் எரித்த பிணங்களின் எச்சம் கிடைத்தது. ஐயாயிரம் வருஷத்துப் பழைய ஆட்கள். எந்த அருங்காட்சியகமும் வேண்டும் என்று கேட்கவில்லை. 1935-இல் எல்லாவற்றையும் மொத்தமாக மூட்டை கட்டி, ஆப்ரே குழி 7 என்று எண் போட்டிருந்த பழைய குழியிலேயே கொட்டி மூடிவிட்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் கலந்துகட்டி ஒரே குவியல். கல்லுக்கு வேலி போட்டார்கள், டிக்கெட் போட்டார்கள். கல்லுக்கு அடியில் கிடந்த மனுஷனுக்கு மூட்டைதான்.

2008-இல் அந்தக் குழியை மறுபடி தோண்டினார்கள். இதற்குள் கேள்வி மாறியிருந்தது. ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, பெண்கள் ஆண்களுக்குக் குறையாமல் அங்கே இருப்பது தெரிந்தது. அதுவரை அந்த இடத்தைப் படம் போட்டவர்கள் எல்லாம் தாடி வைத்த ஆண் பூசாரிகளாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு 2018-இல் கிறிஸ்டோஃப் ஸ்னோக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இருபத்தைந்து பேருடைய பின்மண்டைத் துண்டுகளில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைச் சோதித்தார்கள். பாறைக்குப் பாறை அதன் ஐசோடோப் விகிதம் வேறாக இருக்கும். பாறையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து சோற்று வழியாக நம்ம எலும்புக்கு வந்து சேரும். எந்த மண்ணில் விளைந்ததைத் தின்றாய் என்று எலும்பு எழுதி வைத்துக்கொள்கிறது. இருபத்தைந்தில் பத்துப் பேர் அந்தச் சுண்ணாம்பு நிலத்தில் விளைந்ததைத் தின்று வாழ்ந்தவர்கள் இல்லை. மேற்கே வேல்ஸ் பக்கத்து மண்ணோடு அவர்கள் எலும்பு ஒத்துப்போகிறது. சிலரை வேறு இடத்திலேயே எரித்து, எலும்பை மட்டும் சுமந்து கொண்டுவந்திருக்கலாம் என்றுகூட ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எரித்த விறகின் புகையிலிருந்து எலும்புக்குள் ஏறிய கார்பன் அடர்ந்த காட்டு மரத்தைக் காட்டுகிறதாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எரிந்ததுதான் இதற்குச் சாட்சி. பச்சை எலும்பு மண்ணுக்குள் கிடந்தால் மண்ணிலிருக்கிற ஸ்ட்ரான்சியம் அதற்குள் புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாக வெந்த எலும்பு இறுகிப் போகிறது, வெளியே இருப்பதை உள்ளே விடுவதில்லை. தீ டி.என்.ஏ.வை அழித்துவிடுகிறது, ஸ்ட்ரான்சியத்தைக் காப்பாற்றி வைக்கிறது. குப்பை என்று மூட்டை கட்டிப் போட்டார்கள் பாருங்கள், அதில்தான் இது இருந்தது.

சரி, கலயத்துக்கு வருவோம். இப்போதெல்லாம் கலயத்தை வயலிலேயே கொட்டிப் பார்ப்பதில்லை. சுற்றித் துணி கட்டி, மண்ணோடு அப்படியே தூக்கி, சில இடங்களில் சி.டி. ஸ்கேன் எடுத்து, அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்கு அடுக்கடுக்காகக் கிளறி எடுக்கிறார்கள். எது மேலே கிடந்தது, எது அடியில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே போகிறார்கள். சில கலயங்களில் கால் எலும்பு அடியிலும் தலை எலும்பு மேலேயும் இருந்திருக்கிறது. யாரோ கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வரிசையாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் சல்லடை. அப்புறம் தராசு. அப்புறம் நிறம்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எலும்பு கறுப்பாக இருந்தால் சுமார் 300 டிகிரிச் சூட்டோடு நின்றுவிட்டது. சாம்பல் நிறமோ நீலம் கலந்தோ இருந்தால் 600 டிகிரிக்குள். அதற்கும் மேலே போய், காற்றும் நன்றாகக் கிடைத்திருந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஒரே ஆளுடைய எலும்பிலேயே இந்த நிறம் எல்லாம் கலந்து வரும். கையும் காலும் சிதையின் ஓரத்துக்குச் சரிந்துவிடும், அங்கே சூடு குறைவு, அதனால் கறுத்து நிற்கும். முதுகுப்பக்கம் சாம்பலில் அமுங்கிக் காற்று கிடைக்காமல் அரைவேக்காடாக நிற்கும். தொடையும் இடுப்பும் சதை அதிகம், நேரம் பிடிக்கும். ஐரோப்பாவில் இதைத் தெரிந்துகொள்வதற்காகச் செத்த பன்றியைக் கட்டை மேல் வைத்து எரித்து, மணிக்கு மணி குறிப்பெடுத்தார்கள். ஜாக்குலின் மெக்கின்லி என்ற ஆய்வாளர் இன்றைய எரிமேடைகளுக்கே போய், ஒரு ஆளை எரித்தால் எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்று நிறுத்துப் பார்த்து 1993-இல் எழுதினார். கிட்டத்தட்ட ஒரு கிலோவிலிருந்து 2.4 கிலோ வரை வருகிறது.

இந்தக் கட்டுரைகளை நான் முதல்முறை படித்தபோது எனக்குப் புதுசாக எதுவும் தெரியவில்லை. எங்க தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். கை கால் ஓரத்துக்குப் போயிடும், கழியால உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா வேகாது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடுப்பு வேக விடிஞ்சிரும் என்பார். வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு மெழுகி மூட்டம் போட்டால் எங்கே கண் விடணும், மழைக்காலத்தில் எவ்வளவு விடணும் என்று அவருக்குக் கணக்கு இருந்தது. காலையில் வந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தே வெந்ததா வேகலையா என்று சொல்வார். அந்த வெள்ளை நிறம் தானாக வராது, தோழர்களே. 600 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சூட்டை இறங்காமல் பிடித்து வைக்கவேண்டும். விறகைச் சொருகணும், காற்றுக்கு வழி விடணும், சரிந்ததை ஏற்றணும், புகையில் நிற்கணும். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கலயத்தில் எலும்பு முழுக்க வெள்ளையாக இருந்தால், அந்த ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு ஆள் பக்கத்தில் நின்றான், அல்லது நின்றாள் என்று அர்த்தம். செத்தவர் யார் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறது. எரித்தவர் யார் என்று நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அவருடைய வேலைதான் எலும்பின் நிறமாக மேசை மேல் கிடக்கிறது.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரத்துக்குத் தெற்கே, டான்யூப் ஆற்றங்கரையில் சிகெட்செண்ட்மிக்லோஷ் என்ற ஊர். அங்கே வெண்கலக் காலத்துக் கலயக்காடு ஒன்று தோண்டப்பட்டது. வாட்யா பண்பாடு என்று சொல்கிறார்கள், சுமார் நாலாயிரம் வருஷத்துப் பழசு. நூற்றுக்கணக்கான கலயங்கள். பெரும்பாலும் ஒரு கலயத்துக்கு ஒரு ஆள், கூட ஏதோ மண்பாண்டம், ஏதோ வெண்கலத் துண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இப்படி ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து, ஆஹா, எரிக்கிற சமூகம் சமத்துவச் சமூகம் என்று சொன்னவர்கள் உண்டு. நம்ம ஊரிலும் சொல்வான்: பிடி சாம்பல் ஆனபின் ராஜாவும் ஒண்ணு, ஆண்டியும் ஒண்ணு. இதைச் சொல்கிறவன் பெரும்பாலும் ஆண்டி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2021-இல் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ கவாட்சுத்தியும் அவரது குழுவினரும் இந்தக் கலயங்களில் சிலவற்றை எடுத்துப் படித்தார்கள். 241-ஆம் எண் குழியில் ஒரு பெண். வயது இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள். அவளோடு இரண்டு சிசுக்கள், ஏழெட்டு மாதக் கரு, இரட்டை. பிரசவத்திலோ அதற்கு முன்னாலோ மூன்று உயிரும் போயிருக்கிறது. கலயத்தில் கழுத்துக்கு வெண்கல வளையம், தலைமுடிக்குத் தங்க வளையம், எலும்பால் செய்த ஊசிகள். பெரிய வீட்டுப் பெண்தான். தராசு இன்னொன்றும் சொன்னது. ஆய்வு செய்த மற்றக் கலயங்களின் சராசரியைவிட அவள் எலும்பின் எடை ஐம்பது சதவீதம் அதிகம். அவள் உடம்பு பெரிசு என்பதால் இல்லை. அவளை எரித்த சாம்பலில் குனிந்து உட்கார்ந்து, சின்னத் துண்டையும் விடாமல், பிறக்காத பிள்ளைகளின் எலும்பு உட்பட, பொறுமையாகப் பொறுக்கியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுக்கவில்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். பெரிய மண்மேடு எழுப்பி அதன் நடுவில் வைத்த கலயங்களில் எடை கூடுதல், ஓரத்தில் வைத்தவற்றில் குறைவு. சாம்பலில் ராஜாவும் ஆண்டியும் ஒன்று இல்லை. ஒருத்தருக்கு முழு எலும்பு, ஒருத்தருக்கு ஒரு கை. தீ எல்லாரையும் ஒன்றாக்கினாலும் பொறுக்குகிற இடத்தில் மறுபடி பிரிக்கிறார்கள்.

அவள் எங்கே பிறந்தவள்? காதுக்கு உள்ளே ஒரு எலும்பு இருக்கிறது, கல் மாதிரி கெட்டி, தீயிலும் பெரும்பாலும் தப்பிக்கும். அது சின்னக் குழந்தையாக இருக்கும்போதே உருவாகி நின்றுவிடும், அப்புறம் மாறாது. மற்ற எலும்புகளும் பற்களும் வேறுவேறு வயதில் உருவாகின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரான்சியத்தைப் பார்த்தால் எந்த வயதில் எந்த மண் என்று தெரியும். அவள் அந்த ஊர்க்காரி இல்லை. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் வேறொரு நிலத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். உயர்ந்த நிலையில் இருந்த குடும்பங்கள் வெளியே பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவை இறுக்கிக்கொண்டதன் அடையாளம் இது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். நான் அதைக் கொஞ்சம் கரடுமுரடாகப் படிக்கிறேன். இரண்டு கூட்டத்து ஆண்கள் பேசி முடித்த ஒப்பந்தத்துக்காகப் பல் விழுந்து முளைக்கிற வயதில் ஒரு பிள்ளையைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். தங்க வளையம் போட்டு அனுப்பினாலும் பிள்ளை பிள்ளைதான். அங்கே போய்ப் பிள்ளைப்பேற்றில் செத்திருக்கிறாள். ஆதிக்கம் என்றால் ஏழைமேல் மட்டும்தான் என்று நம்ம தோழர்களில் சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது நம்ம சேரிக்கு வருகிறேன். தீயைக் கட்டி ஆளுகிற இந்த அறிவு அங்கே ஆராய்ச்சி. பன்றியை எரித்தால் கட்டுரை. இங்கே தலைமுறை தலைமுறையாக மனுஷனையே எரித்து, அதன் நுணுக்கம் அத்தனையும் கையில் வைத்திருக்கிறவனுக்குப் பெயர் வெட்டியான். அவன் தொட்டால் தீட்டு. பெற்ற தகப்பனின் எலும்பையே அவன்தான் சாம்பலிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், ஆனால் கொடுக்கிற கூலியை மட்டும் தரையில் வைக்கணும். 

ஆனால் ஒரு எச்சரிக்கை. அதனால் வெட்டியான் தொழில் மகத்தான தொழில், அது நம்ம பண்பாடு, அதைப் போற்றிப் பாதுகாக்கணும் என்று யாராவது கிளம்பினால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். எங்க தாத்தாவுக்கு அதில் பெருமை எதுவும் இருக்கவில்லை. இருமல் இருந்தது. பறையடிக்க மாட்டோம், பிணம் சுட மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்து, அதற்காக அடிவாங்கி, ஊர்விலக்கத்தில் பட்டினி கிடந்து நம்ம ஆட்கள் வெளியே வந்திருக்கிறார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பின்னால் போய் நின்று கொண்டாட்டம் நடத்தக்கூடாது. தொழிலை விடவேண்டும். தெரிந்ததை விடக்கூடாது. தெரிந்ததைத் தாளில் ஏற்றிவிட்டு வெளியே வரவேண்டும். எரித்த எலும்பைப் படிக்கிற துறையில் நம்ம பிள்ளைகள் உட்கார்ந்தால், கலயத்தைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வியே வேறாக இருக்கும். அகழாய்வுக் குழிக்குள் நாள்கூலிக்கு மண் சுமக்கிறது நம்ம பெண்களும்தான். குழிக்கு மேலே நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிற இடத்துக்கும் வரணும்.

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர் கேட்கிறார்: எரித்த எலும்பில் சாதி தெரியுமா? தெரியாது. சோற்றுக்கு எந்த மண் என்று தெரியும். சுமை தூக்கித் தேய்ந்த முதுகெலும்பு, துண்டாகக் கிடைத்தாலும் தெரியும். சின்ன வயசுச் சத்துக்குறைவு கண்குழியின் மேற்கூரையில் பொத்தல் பொத்தலாகச் சில சமயம் தெரியும். சாதி அதில் இல்லை. அது சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சாதி இந்துக்களின் நிலத்து வழியாகப் போக விடவில்லை என்பதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். நாலாயிரம் வருஷம் கழித்து நம்ம ஊர்களைத் தோண்டுகிறவன், ஒரே ஊருக்கு இரண்டு மூன்று சுடுகாட்டைப் பார்ப்பான். எலும்பைச் சோதித்தால் எல்லாம் ஒரே மண் சோறு. ஒரே தண்ணீர். அப்புறம் எதற்கு இரண்டு இடம் என்று அவன் மண்டையைப் பிய்த்துக்கொள்வான்.

இன்னொரு சீட்டு: மாணவர்கள் நாங்கள் என்ன செய்யலாம்? செய்யலாம். உங்கள் ஊரில் சுடுகாட்டு வேலை பார்த்த பெரியவர்கள் இருப்பார்கள், பலர் எழுபது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். விடுமுறையில் போய் உட்காருங்கள். எல்லாரிடமும் செல்போன் இருக்கிறது, பதிவு செய்யுங்கள், அவர்கள் சம்மதித்தால் மட்டும். என்ன விறகு, எத்தனை வரட்டி, வேப்பமரமா கருவேலமா, மூட்டம் எத்தனை மணி நேரம், மழை வந்தால் என்ன செய்வது, கர்ப்பிணி செத்தால் என்ன செய்வார்கள், சின்னப் பிள்ளையை எரிப்பார்களா புதைப்பார்களா, எலும்பை யார் பொறுக்குவது, எங்கிருந்து தொடங்குவது, ஊர்க்காரன் எலும்புக்கும் சேரிக்காரன் எலும்புக்கும் பொறுக்குவதில் வித்தியாசம் உண்டா. கலயம் எந்தக் குயவர் வீட்டிலிருந்து வந்தது, அதன் அளவு என்ன. முழுசாக எழுதி இந்த வட்டத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிணத்துக்கு என்ன கூலி கொடுத்தார்கள், எத்தனை நாள் இழுத்தடித்துக் கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.